மாமன் வேட்டி

ராஜபாளையம்,
ஆவணி 9.

தம்பி பாண்டிதுரைக்கு அக்கா நாச்சியார் எழுதுவது.

நலம் விசாரித்துத் தொடங்கத்தான் கை போனது. எழுதவில்லை. நாங்கள் நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும். நீ எப்படி இருக்கிறாய் என்பதுதான் இத்தனை மாதமாக எங்களுக்குத் தெரியவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. எடுத்தாலும் இரண்டு தடவை ம் கொட்டிவிட்டு, டவர் இல்லக்கா என்று வைத்துவிடுகிறாய். அந்த மிசோரம் மலையில் டவர் இல்லாமல் இருக்கலாம். சங்கையா சித்தப்பா கூப்பிட்டால் மட்டும் அது எங்கிருந்து முளைக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

உன் பட்டாளத்து யூனிட்டு வைகுண்டராஜ் லீவு முடிந்து நாளைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறுகிறான். ஆலங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து நம் வீட்டில் தலைகாட்டிவிட்டுப் போனான். அவன் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ கிழித்துப் போடுகிற ஆள் என்று தெரியும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் படித்துவிடு, அது போதும்.

இங்கே மழை ஏமாற்றிவிட்டது. மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு நிற்கிறதே தவிர ஊருக்குள் இறங்கவில்லை. அம்மா பேண்டேஜ் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். வெள்ளைத் துணியைத் தொட்டால் கை உதறுகிறது என்கிறாள். மேஸ்திரி வீட்டுக்கே வந்து கூப்பிட்டுப் பார்த்தார், மசியவில்லை. ஒரு நேரம் சாப்பிடுகிறாள், அதையும் நான் சத்தம் போட்டால்தான். பிள்ளையைத் தூக்கும் முன் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறாள். கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருக்கிறது.

பிள்ளைக்கு எட்டு மாதம் ஆகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்க வேண்டிய என் மாமியார் வீட்டார் வன்னியம்பட்டியிலிருந்து வர வேண்டும். உன் மச்சான் சித்திரையில் ஒரு தடவை வந்தார். வாசல்படிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. மக்காச்சோளம் போட்டிருக்கிறோம், படைப்புழு விழுந்திருக்கிறது என்று புழுவைப் பற்றியே பேசிவிட்டுப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தையில் நம் தெரு மாரீஸ்வரி என் மாமியாரைப் பார்த்தாளாம். அடுத்த பிள்ளையும் அப்படித்தான் பொறக்குமாம்ல, தெரிஞ்சே எவன் கூட்டிட்டு வருவான் என்று மாமியார் கேட்டாராம். மாரீஸ்வரி அதை ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் வந்து ஒப்பித்தாள். அவளுக்கும் பொழுது போக வேண்டுமே.

சரி, சுற்றி வளைக்கவில்லை. நீ ரத்தம் சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் டாக்டரிடம் போய், எனக்கு ஜி.சிக்ஸ்.பி.டி. பாருங்கள், என் அக்கா பிள்ளைக்கு அது குறைவு என்று சொல்ல வேண்டும். அதைப் பார்க்காமல் மலேரியாவுக்கு எந்த மாத்திரையும் வாயில் போடக் கூடாது. இந்தக் கடிதத்தில் உனக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மற்றதெல்லாம் நீ இதைக் கேட்க மாட்டாய் என்பதால் எழுதுவது.

மதுரை டாக்டரம்மா சொன்னதைப் போனில் சொல்ல வந்தேன், நீ பாதியில் வைத்துவிட்டாய். ரத்தத்தில் சிவப்பணு இருக்கிறதல்லவா, அதற்குள் இந்த ஜி.சிக்ஸ்.பி.டி. என்று ஒரு புரதம் இருக்கிறதாம். சிவப்பணு உடைந்து போகாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. எல்லா மனுஷருக்கும் அது உண்டு, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. ஆள் கறுப்பு சிவப்பு என்பது வெளியே தெரிகிறது, இது உள்ளே இருப்பதால் தெரிவதில்லை. ஒரு கூட்டத்தில் நூறு பேரைத் தேடினால் ஒருத்தருக்குக் குறைவாக இருக்கும். இன்னொரு கூட்டத்தில் பத்துப் பேருக்கு ஒருத்தர். ஆப்பிரிக்காவில் ஒரு வகை, அரபு நாட்டுப் பக்கம் ஒரு வகை, நம் நாட்டிலேயே நாலைந்து வகை. எங்கெல்லாம் தலைமுறை தலைமுறையாக மலேரியா ஆட்களை வாரிக்கொண்டு போனதோ, அங்கெல்லாம் இந்தக் குறை தங்கிவிட்டதாம். இது இருக்கிற ஆளை அந்தக் காய்ச்சல் அவ்வளவு சுலபமாகக் கொல்லாதாம். நம் முன்னோர் மலையடிவாரத்தில் காடு திருத்திய காலத்தில் பிழைத்துக் கிடந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். இது நோயே இல்லம்மா, ஒரு காலத்துல உங்க ஆளுகளைக் காப்பாத்துனது என்றார். எனக்கு அந்த அம்மா மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. எந்தக் காலத்திலோ எவனையோ காப்பாற்றியதாம். அதற்குக் கூலியாக என் பிள்ளையா கிடைத்தான் என்று வாய் வரை வந்தது. அவர் நல்ல மனுஷி, அதனால் விழுங்கிக்கொண்டேன்.

அப்படியானால் எனக்கு மலேரியா வராது என்று நீ இளித்துக்கொண்டு உட்காராதே. வரும். வந்தால் பதினாலு நாள் பிரைமாகுயின் என்று ஒரு மாத்திரை கொடுப்பார்களாம். இந்தக் குறை உள்ளவன் அதைத் தின்றால் சிவப்பணு மொத்தமாக உடைந்து, மூத்திரம் கறுப்பாகப் போய், சிறுநீரகம் நின்றுவிடலாமாம். அதே மாதிரிதான் அந்துருண்டையும். அது பெரியவர்களைவிடப் பச்சைப்பிள்ளையைச் சீக்கிரம் அடிக்கும். தாய்க்கு இருந்தால் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரும். அம்மாவுக்கும் எனக்கும் சோதித்தார்கள், இருவருக்கும் இருக்கிறது. உனக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பூவா தலையா போட்டுப் பார்க்கிற விஷயமா இது?

இனி வேட்டி விஷயம். அதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சித்தப்பா சொல்லிவிட்டார் என்று வைகுண்டராஜ் மூலமாகத்தான் தெரிந்தது. அவர் எப்படிச் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். நடந்தது நடந்தபடி நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நம் வகையறாவில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. தாய்மாமன் உடுத்திய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்ற வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்கு மாமன் நெஞ்சழுத்தம் வரும் என்பது அம்மாவின் கணக்கு. நீ போன தீபாவளி லீவில் கட்டிவிட்டுப் போன வேட்டியை இதற்கென்றே துவைத்து மடித்து, உன் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். கரப்பான் வந்துவிடும் என்று அந்துருண்டையை அள்ளிப் போட்டிருக்கிறாள். எனக்கு வலி எடுத்ததும் பெட்டியைத் திறந்து வேட்டியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். மறுபடி அலச நேரம் இல்லை, வெயில் காட்டவும் இல்லை. பிள்ளைக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து அதில் சுற்றினாள். எண்ணெய் இருந்ததால் அந்த மருந்து உடம்பில் இன்னும் வேகமாக இறங்கியதாம். வீட்டுக்கு வந்து மாற்றுத்துணியும் அதே வேட்டியில் கிழித்ததுதான். பிள்ளை மேல் அந்த வாசம் அடித்தது. ராணுவக்காரன் பெட்டி வாசம் என்று அம்மா மோந்து மோந்து சிரித்தாள்.

மஞ்சள் தட்டியது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், இளவெயிலில் காட்டு என்றார்கள். காட்டினோம், அதே துணியில் சுற்றி வைத்துக் காட்டினோம். பிறகு பால் குடிப்பதை நிறுத்தினான். கீச்சென்று ஒரு மாதிரி அழுதான், உடம்பை வில்லாக வளைத்தான். மதுரைக்குக் கொண்டு போய் ரத்தம் முழுக்க மாற்றினார்கள். உயிர் நின்றது. ஆனால் மஞ்சள் மூளைக்குள் ஏறிவிட்டது என்றார்கள். முன்னாலேயே தெரிஞ்சிருந்தா ஒண்ணுமே இல்லம்மா, உருண்டையையும் சில மாத்திரையையும் தள்ளி வச்சா இவன் எல்லாப் பிள்ளையும் மாதிரி வளந்திருப்பான் என்றார் டாக்டரம்மா. அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் ஜுவைரியா என்று ஒரு பெண் இருந்தாள். தளவாய்புரத்தில் அவள் வீட்டுக்காரர் நவாஸ் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவள் பிள்ளைக்கும் இதே ரத்தம்தான். ஆனால் அவர்கள் கடையிலிருந்து எடுத்த புதுத் துண்டில் சுற்றியிருந்தார்கள். நீல விளக்கில் இரண்டு நாள் வைத்தார்கள், மஞ்சள் இறங்கிவிட்டது. இப்போது தவழ்கிறானாம். நவாஸ் தன் அண்ணன் தம்பி பிள்ளைகளையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய் ரத்தம் பார்த்துவிட்டாராம். ஜுவைரியா இன்னும் எனக்குப் போன் செய்கிறாள். நான் எடுப்பதில்லை. நல்ல பெண்தான், என் வயிறுதான் எரிகிறது.

நம் வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? டாக்டரம்மா இரண்டு பேரை அனுப்பி, சொந்தக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் ரத்தம் கொடுத்தால் யார் யாருக்கு இருக்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவோம், இந்தப் பக்கத்து ஆட்களிடம் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கும் தெரியும் என்று கேட்டார். சித்தப்பா தெருவையே கூட்டிவிட்டார். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலுக்குக் கேட்க வேண்டுமா. எங்க ரத்தம் எல்லையில சிந்துன ரத்தம், அதுல ஓட்டை இருக்குன்னு எழுதிட்டுப் போகவா வந்திய என்றார். நாளைக்கு ஆள் எடுக்கும்போது இந்த வகையறாப் பயலே வேண்டாமுன்னு தள்ளிட்டா நீயளா சோறு போடுவிய என்றார். வந்தவர்கள் ஊசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தர் கூடக் கை நீட்டவில்லை தம்பி. நம் தெருவில் இந்த மாசம் இரண்டு பேர் முழுகாமல் இருக்கிறார்கள்.

இது ஆண்பிள்ளைக்குத் தாய் வழியாகத்தான் வரும், அப்பன் வழியில் வராது என்று நான் சித்தப்பாவிடம் போய் விளக்கினேன். சொல்லாமலே இருந்திருக்க வேண்டும். அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்ப அது மதினி வீட்டுக் குறை, எங்க அண்ணன் ரத்தம் சுத்தம்தான் என்று அன்றைக்கே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். அம்மா அதையும் கேட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவுக்கு அம்மா சொந்த அத்தை மகள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. எந்த ரத்தம் எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று கத்தி வைத்துப் பிரித்து வைத்திருக்கிறார் போல.

அவர்தான் உன்னிடமும் சொல்லியிருக்கிறார். டெஸ்ட் எடுக்காதே, ரெக்கார்டில் ஏறிவிட்டால் உன்னைக் கீழ்க் கேட்டகரியில் போட்டுவிடுவார்கள், பின்னால் வருகிற நம் பயல்களுக்கும் கதவு அடைத்துவிடும் என்று. அப்படி யாரையும் தள்ளுவதாக நான் எங்கும் கேள்விப்படவில்லை. டாக்டரம்மாவிடம் கேட்டேன், இது எத்தனையோ லட்சம் பேருக்கு இருக்கிறது, அவர்கள் எல்லா வேலையும் பார்க்கிறார்கள் என்றார். சித்தப்பா படித்த டாக்டரா, அவர் பேச்சைக் கேட்கிறாயே.

ஆனால் சித்தப்பாவுக்குப் பயந்து மட்டும் நீ டெஸ்ட் எடுக்காமல் இருக்கவில்லை என்று வைகுண்டராஜ் சொன்னான். முதலில் மென்று முழுங்கினான். நான் விடவில்லை. உங்கள் கம்பெனியில் பாதிப் பேர் காய்ச்சலில் கிடக்கிறார்களாம், வரிசையாக எல்லோருக்கும் அந்தப் பதினாலு நாள் மாத்திரை கொடுக்கிறார்களாம். நீயும் போய்ச் சொல்லுடா என்று இவன் சொன்னதற்கு, எங்க அக்கா புள்ளையக் கெடுத்தது என் வேட்டி, நான் மட்டும் தப்பிச்சு என்ன பண்ணப் போறேன் என்றாயாமே.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. முட்டாப் பயலே, உன்னை அடிக்கக்கூட நீ பக்கத்தில் இல்லை. உன் வேட்டி என்பதற்காக நீயும் சாக வேண்டும் என்று உன்னிடம் யார் கேட்டது? நானா, அம்மாவா, ஒன்றும் அறியாத அந்தப் பிள்ளையா? நீ கட்டிவிட்டுப் போனாய், அம்மா ஆசையாக எடுத்து வைத்தாள், நானும் ஆசையாகத்தான் வாங்கிச் சுற்றினேன். இதில் யார் கையை வெட்டுவது? அம்மா ஏற்கனவே தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட மாதிரிதான் இருக்கிறாள். மகள் வயிற்றுப் பிள்ளைக்கு இப்படி ஆகிவிட்டது, அதே ரத்தத்தில் பெற்ற மகனும் போய்விட்டான் என்று ஒரு சேதி வந்தால், அவளை எந்தக் கிணற்றில் தேடுவேன் நான்?

டாக்டரிடம் நானே சொல்கிறேன் அக்கா என்று வைகுண்டராஜ் சொல்லியிருக்கிறான். சொல்வான், நம்புகிறேன். ஆனால் அவர் உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் நீ விறைப்பாக நின்று, அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை சார் என்று சொல்லிவிடுவாய். எனக்குத் தெரியாதா உன்னை? அதனால் உன் வாயால் நீதான் சொல்ல வேண்டும். இவன் ரயில் ஏறி, அங்கிருந்து இன்னொரு ரயில், பிறகு லாரி என்று உன்னிடம் வந்து சேர்வதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்திருக்குமோ, மாத்திரையைத் தொடங்கியிருப்பாயோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஒருவேளை தொடங்கியிருந்தால் மூத்திரத்தின் நிறத்தைப் பார். கறுத்திருந்தால் அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடு. அசிங்கம் பார்க்காதே.

இன்னொன்று இருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

போன வாரம் மதுரையில் பிள்ளைக்குக் காது சோதித்தார்கள். மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. மஞ்சள் காது நரம்பையும் தின்றுவிட்டதாம். கழுத்து நிற்காது, கை கால் தன்னிஷ்டத்துக்கு முறுக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்கெல்லாம் மனசைத் தயார் செய்து வைத்திருந்தேன். இதற்கு வைத்திருக்கவில்லை. எட்டு மாதமாக அவனிடம் நான் பேசிக்கொண்டே இருந்தேன் தம்பி. என் கஷ்டம் முழுக்க அவனிடம்தான் சொன்னேன். உன் அப்பன் வருவார், கூட்டிட்டுப் போவார் என்று பொய்யெல்லாம் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் அவன் காதில் விழவில்லை. பொய் விழாமல் போனது நல்லதுதான். பஸ்ஸில் வரும்போது கிருஷ்ணன்கோவில் வரை அழுதுகொண்டே வந்தேன், பிறகு அழுகையும் வரவில்லை.

அவன் பிறந்த அன்றைக்கு நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாயே, ஏலே மருமகனே, மாமா வாரேன்லே, செத்த நேரம் பொறுத்துக்கோ என்று. அதை அம்மா தினமும் காலையில் குளிப்பாட்டியதும் அவன் காதில் போட்டுக் காட்டுகிறாள். அவன் எதேச்சையாக வாயைக் கோணினால், பாரு பாரு, மாமன் சத்தம் கேட்டுச் சிரிக்கான் என்கிறாள். இன்றைக்குக் காலையிலும் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எந்த வாயால் அவளிடம் சொல்வேன், நீயே சொல்.

அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தூக்குகிற கைதான். என் கை தெரியும், அம்மா கை தெரியும். வேறு யார் தூக்கினாலும் முதலில் உடம்பு விறைக்கிறான். நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தால் மெல்ல மெல்லத் தளர்ந்து, பிடித்திருப்பவர் சட்டையை ஒரு விரலால் பற்றிக்கொள்கிறான். இந்த உலகத்தில் அவனுக்குச் சொந்தம் என்றால் அந்த வழியில்தான். அவன் அப்பன் கை இனி வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதனால் போனில் பேசி நீ அவனுக்கு மாமன் ஆக முடியாது. போட்டோவில் மாலை போட்டுத் தொங்கினாலும் ஆக முடியாது. இவர் உன் மாமன் என்று நான் சொன்னாலும் அவனுக்குக் கேட்காது. நீ வந்து தூக்கினால்தான் உண்டு.

டாக்டரிடம் போ. சொல்லிவிட்டு வா. எங்கள் மேல் கோபமாகவே வா, பேசாமல் கூட இருந்துகொள். நீ நன்றாக இருக்க வேண்டும், நீயாவது நன்றாக இருக்க வேண்டும் தம்பி.

உன் அக்கா,
நாச்சியார்.